பால் பல் சொத்தை: அம்மாக்களுக்கு என்ன தெரியும், எது இன்னும் வந்து சேரவில்லை?

தாய்சேய்_செவிலி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம்.

தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்களோடு பேசுவது என் வேலை. எடை, தாய்ப்பால், இணை உணவு, அடுத்த ஊசி எப்போது என்று எல்லாம் பேசுவோம். பல்லைப் பற்றிக் கடைசியில்தான், அதுவும் நேரமிருந்தால். கொஞ்ச காலமாக நான் பல்லை முதலில் எடுத்துப் பேச ஆரம்பித்திருக்கிறேன். அதில் கண்டதை உங்களோடு பகிர்ந்துகொண்டு, உங்கள் அனுபவத்தையும் கேட்க நினைக்கிறேன்.

“சொத்தை எதனால் வருகிறது?” என்று கேட்டால் பதில் சட்டென்று வந்துவிடும். இனிப்பு, சாக்லேட், ஒழுங்காகப் பல் தேய்க்காதது. அதிகம் படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லை. அடுத்த கேள்விகளில்தான் பேச்சு நின்றுபோகிறது. சொத்தை தொடங்கும்போது பல் பார்க்க எப்படி இருக்கும்? “கறுப்பாக இருக்கும்.” பல் தேய்ப்பதை எப்போது ஆரம்பிக்க வேண்டும்? “எல்லாப் பல்லும் முளைத்த பிறகு” என்பார் ஒருவர், “துப்பத் தெரிந்த பிறகு” என்பார் இன்னொருவர். பால் குடித்துக்கொண்டே தூங்கினால் பல்லுக்கு ஏதாவது ஆகுமா? “பால் நல்லதுதானே, சிஸ்டர்?” பல் மருத்துவரிடம் முதலில் எப்போது காட்ட வேண்டும்? “வலி வந்தால்.”

இவர்கள் யாரும் அக்கறையில்லாதவர்கள் இல்லை. ஊசி ஒரு நாள் தள்ளிப்போனாலே பதறிப்போகிறவர்கள். “இனிப்பு கெடுதல்” என்ற ஒற்றை வரி மட்டும்தான் அவர்கள் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எந்த நேரத்தில், எத்தனை முறை, முதல் அடையாளம் என்ன என்பதையெல்லாம் பல்லில் ஓட்டை விழுந்த பிறகுதான் யாரோ சொல்கிறார்கள். அந்த நேரத்தில் கேட்கும் தாய்க்கு அது பாடமாகப் படுவதில்லை, திட்டாகத்தான் படுகிறது.

உங்கள் குழந்தைக்கு முதல் பல் முளைத்தபோது உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? யார் சொன்னார்கள்?

---

குருவிக்கூடு

சரியான நேரத்தில் இந்த இழை வந்திருக்கிறது, சிஸ்டர். என் மகனுக்கு இரண்டரை வயது. மேல் முன்பற்கள் நான்கும் ஈறு ஓரத்தில் பழுப்பாகி, ஒன்று ஓரம் உடைந்தும் விட்டது. பல் டாக்டர் பார்த்ததுமே “நிறைய இனிப்பு கொடுப்பீர்களா?” என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் மிட்டாயே வாங்குவதில்லை. சாக்லேட் என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. காலையில் நானே பல் தேய்த்துவிடுகிறேன். இரவில் மட்டும் புட்டிப்பால் வாயில் இருந்தால்தான் தூங்குவான், நடுவில் விழித்தால் இன்னொரு தடவை. பாலில் ஒரு கரண்டி சர்க்கரை. கீழ்ப் பற்கள் முத்து மாதிரி இருக்கின்றன, மேலே மட்டும் இப்படி. ஒரே வாய், ஒரே பால், ஒரே பிரஷ். எப்படி இப்படி ஆகும்? யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

குழந்தைப்பல்_டாக்டர்

குருவிக்கூடு, உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது: இரவு.

வாயில் வாழும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியேற்றுகின்றன. அதில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், 1924-ல் கிளார்க் என்பவர் கண்டறிந்தது. வாயில் அமிலம் கூடி, அதை அளக்கும் பிஹெச் எண் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் வெளி உறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்துபோன தாதுவைத் திரும்பவும் பல்லில் சேர்க்கும். ஒருமுறை இனிப்பு உள்ளே போனால் வாய் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். பகலில் சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி இருந்தால் பல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்.

தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுகிறது. விழுங்குவதும் குறைகிறது. அப்போது வாயில் தேங்கும் சர்க்கரைப் பால் மணிக்கணக்கில் மேல் முன்பற்களைச் சுற்றியே நிற்கும். கீழ் முன்பற்கள் ஏன் தப்பின? குழந்தை உறிஞ்சும்போது நாக்கு முன்னால் வந்து கீழ்ப் பற்களை மூடிக்கொள்கிறது. போதாததற்கு, நாக்குக்கு அடியில் உமிழ்நீர்ச் சுரப்பி திறக்கும் இடம் அவற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேலே சொத்தை, கீழே சுத்தம் என்ற இந்த அமைப்பைப் பார்த்ததும் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி இரவுப் பாலைப் பற்றியதுதான். உங்களிடம் மிட்டாயைப் பற்றிக் கேட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மிட்டாய் வாங்காத வீட்டிலும் சர்க்கரை பல வழியில் வரும். பழச்சாறு, பாலில் கலக்கும் சத்துமாவு, பிஸ்கட், இருமல் சிரப், தேனில் தோய்த்த சூப்பான். (ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. பல்லை விடுங்கள், போட்யூலிசம் என்ற நச்சுத்தன்மை வரக்கூடும்.) நீண்ட நாள் மருந்து சாப்பிடும் குழந்தையாக இருந்தால் சர்க்கரை சேர்க்காத சிரப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இந்த இழையைப் படிக்கும் எல்லோரும் இன்றே ஒன்று செய்யுங்கள். குழந்தையை வெளிச்சத்தில் மடியில் படுக்கவைத்து, மேல் உதட்டை விரலால் மெல்லத் தூக்கி, பல்லும் ஈறும் சேரும் ஓரத்தைப் பாருங்கள். ஈரத்தை ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே சுண்ணாம்பு தடவியதுபோலப் பளபளப்பில்லாத வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் ஆரம்பம். வலி இருக்காது, ஓட்டை இருக்காது, கறுப்பும் இருக்காது. அந்த நிலையில் பிடித்துவிட்டால் திருப்பிவிடலாம். பழுப்பாகி மேற்பரப்பு உடைந்துவிட்டால் அந்த இடம் தானாகத் திரும்ப வளராது.

---

இரண்டாம்மாடி

இப்போதுதான் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். பதினான்கு மாதப் பெண். இரண்டு பல்லில் நீங்கள் சொன்ன வெள்ளைக் கோடு அப்படியே இருக்கிறது. தினமும் முத்தமிடும் முகம், இதுவரை உதட்டுக்குப் பின்னால் பார்த்ததில்லை. “வெள்ளையாக இருக்கிறது, அப்படியானால் சுத்தம்” என்றுதான் என் மாமியாரும் சொல்கிறார். இனி என்ன செய்ய வேண்டும் டாக்டர்?

---

குழந்தைப்பல்_டாக்டர்

பயப்பட வேண்டாம். ஒரு பல் மருத்துவரிடம் நேரில் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவார்கள், கரைந்த தாது பல்லில் திரும்பச் சேர உதவும் பூச்சு அது. தூரிகையால் தடவும் வேலைதான், ஊசியும் கிடையாது, பல்லைக் குடைவதும் கிடையாது. சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டியிருக்கும். வீட்டில் காலை, இரவு இரண்டு வேளையும் ஃப்ளோரைடு பற்பசையால் தேய்த்துவிடுங்கள். தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது.

---

ஓய்வுபெற்றவன்

ஒரு தாத்தாவாக எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பால் பல் எப்படியும் விழப்போவதுதானே? அதற்குப் போய் இரண்டு வயதுக் குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோய் அழவிட வேண்டுமா? என் பிள்ளைகளுக்கும் பால் பல் கறுத்துத்தான் விழுந்தது. புதுப் பல் நன்றாகவே வந்தது. பூச்சிப் பல் விழுந்தால் பூச்சியும் போய்விடும் என்பார் என் அம்மா.

---

மழலைப்பள்ளி_டீச்சர்

ஐயா, உங்கள் வயதுக்கு வணக்கம் சொல்லி, நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

வகுப்பில் ஒரு குழந்தை மதிய உணவை வாயில் போட்டு ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். மெல்லவும் மாட்டாள், துப்பவும் மாட்டாள். அடம் பிடிக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நாள் போகப் போக, பழம் வேண்டாம், குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், கஞ்சி மாதிரி இருந்தால் மட்டும் போதும் என்றாள். எடை ஏறவே இல்லை. மதியம் தூங்கி எழுந்தால் எரிந்து விழுவாள். ஒருநாள் சிரித்தபோது எதேச்சையாகப் பார்த்தேன், இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களும் குழிந்திருந்தன. “வலிக்கிறதா?” என்று கேட்டேன். “இல்லை” என்றாள். வலி இல்லாத வாய் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே அவளுக்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியும்?

சிகிச்சைக்குப் பிறகு அதே குழந்தை சப்தம் போட்டுச் சாப்பிட்டாள்.

---

குழந்தைப்பல்_டாக்டர்

டீச்சர் எழுதியதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். ஓய்வுபெற்றவன் ஐயா, முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுந்துவிடும், உண்மைதான். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. மூன்று வயதில் அவை கெட்டால் மிச்ச ஆண்டுகளைக் குழந்தை எதைக்கொண்டு மெல்லும்? சீக்கிரமே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து, கீழிருந்து வரும் நிரந்தரப் பல்லுக்கு வழி இல்லாமல் போகும். கோணல் பல்லுக்கு அது ஒரு முக்கியக் காரணம். வேரில் சீழ் கட்டினால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலே பழுதாகக்கூடும். முகம் வீங்கிக் காய்ச்சலோடு இரவில் அவசரப் பிரிவுக்கு ஓடிவரும் பெற்றோரும் உண்டு. அதோடு பால் பல்லில் எனாமல் மெல்லியது, நிரந்தரப் பல்லில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். அதனால் சொத்தை நரம்பை எட்ட அதிக காலம் எடுக்காது.

பூச்சி என்பது உலகம் முழுக்க இருந்த பழைய நம்பிக்கை, உங்கள் அம்மா மட்டும் சொன்னதில்லை. பியேர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர் 1728-லேயே தன் நூலில் அதை மறுத்துவிட்டார். கிருமி உண்டாக்கும் அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்பதை 1890-ல் மில்லர் என்ற ஆய்வாளர் விளக்கினார்.

உங்கள் பிள்ளைகளுக்கு நல்லபடியாக முடிந்தது மகிழ்ச்சி. பால் பல்லில் சொத்தை வந்த குழந்தைக்கு நிரந்தரப் பல்லிலும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

---

ஓய்வுபெற்றவன்

புரிந்தது டாக்டர். பன்னிரண்டு வயதுவரை இருக்கும் என்பது எனக்கு இதுவரை தெரியாது. பேரனின் வாயை இன்று மாலை பார்க்கிறேன்.

---

பால்நிலா

எனக்கு ஒரு பயம். மகளுக்கு ஒன்றரை வயது, இன்னும் தாய்ப்பால்தான், இரவில் இரண்டு மூன்று முறை. தாய்ப்பாலால் சொத்தை வரும் என்று ஒரு குழுவில் போட்டிருந்தார்கள். வரவே வராது என்று இன்னொரு குழுவில் சண்டை. யார் சொல்வதை நம்புவது? இரண்டு வயதுவரை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம்தானே சொல்கிறது?

---

தாய்சேய்_செவிலி

இதற்கு நானே பதில் சொல்கிறேன், தினமும் கேட்கும் கேள்வி இது.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்ற பரிந்துரையில் மாற்றம் எதுவும் இல்லை. முதல் ஒரு வருடம் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குப் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளைவிடச் சொத்தை குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வயதைத் தாண்டிய பிறகு, இரவு முழுக்க அடிக்கடி குடிக்கும் குழந்தைகளிடம் சொத்தை கூடுதலாகக் காணப்படுகிறது. அந்த வயதில் பல் நிறைய முளைத்திருக்கும், மற்ற உணவிலிருந்தும் சர்க்கரை வந்துகொண்டிருக்கும், பெரும்பாலும் யாரும் பல் தேய்த்துவிடத் தொடங்கியிருக்க மாட்டார்கள். இதில் எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். அதனால் தாய்ப்பாலை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

நான் சொல்வது இதுதான், பால்நிலா. தூங்குவதற்கு முன் ஃப்ளோரைடு பற்பசையால் பல் தேய்த்துவிடுங்கள். மார்பை வாயில் வைத்தபடியே விடியும்வரை விட வேண்டாம், அவள் தூங்கியதும் மெல்ல விலக்கிவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் இரவுத் தடவைகளை ஒவ்வொன்றாகக் குறைக்கலாம்.

புட்டியில் கொடுப்பவர்களுக்கு வேறு யோசனை. முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். இரவுப் புட்டியில் ஒவ்வொரு சில நாளும் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் தண்ணீர் மட்டும் கொடுங்கள். வெறும் தண்ணீருக்காக விழிக்கக் குழந்தைக்குப் பிடிக்காது, தானாகவே விட்டுவிடும். ஒரு வயதுக்கு மேல் புட்டியிலிருந்து டம்ளருக்கு மாற்றுவது பல்லுக்கு நல்லது.

---

இயற்கைவழி

எல்லோரும் ஃப்ளோரைடு, ஃப்ளோரைடு என்கிறீர்கள். துப்பத் தெரியாத குழந்தை அதை விழுங்கத்தானே செய்யும்? டியூபிலேயே “விழுங்கக் கூடாது” என்று அச்சிட்டிருக்கிறதே! ஃப்ளோரைடு அதிகமானால் பல்லில் கறை வரும் என்று படித்திருக்கிறேன். அதனால்தான் நாங்கள் ஃப்ளோரைடு இல்லாத குழந்தைப் பற்பசை வாங்குகிறோம். மூலிகை போட்டது, பழ வாசனை வேறு.

---

குழந்தைப்பல்_டாக்டர்

நியாயமான கவலை. இதை யாரும் அலட்சியமாகத் தள்ளக் கூடாது.

எனாமல் உருவாகும் வயதில் ஃப்ளோரைடு அதிகமாக உள்ளே போனால் பல்லில் வெள்ளைத் திட்டுகள் வரலாம். ஃப்ளோரோசிஸ் என்பார்கள். அதனால்தான் அளவு முக்கியம். மூன்று வயதுவரை ஓர் அரிசி மணி அளவுதான், பிரஷில் ஒரு தீற்றல். மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல பிரஷ் முழுக்க அலைபோலப் பிழிந்துவைப்பது பெரியவர்களுக்கே தேவையில்லை. அரிசி மணி அளவை இரண்டு வேளையும் முழுசாக விழுங்கினாலும் தீங்கு வராது என்ற கணக்கில்தான் அந்த அளவை வகுத்திருக்கிறார்கள். டியூப் மட்டும் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும், பழ வாசனை உள்ளது என்றால் தின்றுவிடும்.

முன்பெல்லாம் இரண்டு வயதுவரை ஃப்ளோரைடு பற்பசை வேண்டாம் என்றுதான் சொல்லிவந்தார்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2014-ல் அதை மாற்றி, முதல் பல் முளைத்ததிலிருந்தே இந்தச் சிறு அளவில் போடலாம் என்றது. பழைய அறிவுரையே இன்னும் பல வீடுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது, உங்கள் குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். டியூபின் பின்பக்கம் பாருங்கள், குறைந்தது 1000 பிபிஎம் ஃப்ளோரைடு இருக்க வேண்டும். நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்த பகுதியில் வசிப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஃப்ளோரைடு இல்லாத பசையும் அழுக்கை எடுக்கும். கரைந்த எனாமலில் தாது திரும்பச் சேர அது உதவாது.

---

இயற்கைவழி

அளவைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. அரிசி மணி என்றால் எனக்குச் சம்மதம்.

---

சின்னத்தம்பி_அக்கா

என் தங்கைக்கு ஒரு கேள்வி. குழந்தைக்கு இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுக்கிறாள். பல் ஓரமெல்லாம் கறுப்பு. சொத்தை என்று அழுகிறாள்.

---

குழந்தைப்பல்_டாக்டர்

அது பெரும்பாலும் மேலே படிந்த கறைதான். மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், இரத்தசோகை அதைவிடக் கெடுதல். சொட்டைப் பல்லில் படாமல் நாக்கின் பின்பக்கமாக விட்டு, பிறகு தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். கறையைப் பல் மருத்துவர் எடுத்துவிடுவார். சந்தேகம் இருந்தால் நேரில் காட்டுவதே நல்லது.

---

குருவிக்கூடு

டாக்டர், இரவுப் பாலில் சர்க்கரையை நிறுத்திவிட்டோம். பெரிய ரகளைதான், ஆனாலும் பழகிக்கொண்டு வருகிறான். பல் தேய்ப்பதுதான் நடக்கவில்லை. பிரஷைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொள்கிறான். தலையைத் திருப்புகிறான், கடிக்கிறான். அழ அழத் தேய்ப்பதா, விட்டுவிடுவதா?

---

மூன்றுபிள்ளை_வீடு

எங்கள் வீட்டில் பலித்த முறையைச் சொல்கிறேன். நீங்களும் வீட்டுக்காரரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்காருங்கள். குழந்தையின் கால்கள் அவர் பக்கம், தலை உங்கள் மடியில். அவர் கைகளை மெல்லப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடட்டும். நீங்கள் மேலிருந்து பார்ப்பதால் வாய் முழுக்கத் தெரியும். ஆள்காட்டி விரலைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பின்பக்கமாக நுழைத்தால் வாய் தானாகத் திறக்கும், கடிக்கவும் முடியாது. மேல் உதட்டின் நடுவில் ஒரு மெல்லிய தசைக் கயிறு இருக்கும், அதில் பிரஷ் இடித்தால் வலிக்கும். பல குழந்தைகள் அதனால்தான் முரண்டு பிடிக்கிறார்கள். விரலால் அதை மூடிக்கொண்டு தேயுங்கள். அழுதால் வாய் நன்றாகத் திறக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடித்துவிட்டு அணைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேளைதான் முடிகிறது என்றால் இரவு வேளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், “நானே தேய்ப்பேன்” என்று பிரஷைப் பிடுங்கும் வயது வரும். தேய்க்க விடுங்கள், முடித்ததும் நீங்கள் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். ஏழு, எட்டு வயதுவரை குழந்தையின் கைக்குக் கடைவாய்வரை ஒழுங்காகத் தேய்க்கும் பக்குவம் வராது.

---

ஆய்வுமேசை

பொதுச் சுகாதாரம் படித்தவள் என்ற முறையில் செவிலி அக்காவின் முதல் பதிவுக்குத் திரும்புகிறேன், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அம்மாக்களின் பல் அறிவை அளக்கும் கேள்வித்தாள்கள் ஏராளம் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் “இனிப்பு பல்லைக் கெடுக்குமா: ஆம், இல்லை” என்ற மாதிரிக் கேள்விகள்தான். அதில் எல்லோரும் தேறிவிடுவார்கள். தேறிய அம்மாவின் குழந்தைக்கும் சொத்தை இருக்கும். உடனே “அறிவு இருக்கிறது, நடத்தை இல்லை” என்று முடிவு எழுதிவிடுவார்கள். அது அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து. குருவிக்கூடு அந்தத் தாளில் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார், அவர் வீட்டில் மிட்டாயே கிடையாது. அவருக்குத் தேவையாயிருந்த அறிவை அந்தத் தாள் கேட்கவே இல்லை.

எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு நேரம் வாயில் நின்றது என்பதே முக்கியம் என்று பல் மருத்துவத்துக்கே 1940-களில் தொடங்கிய ஓர் ஆய்வால்தான் தெளிவாகத் தெரியவந்தது. ஸ்வீடனில் வீப்பெஹோல்ம் என்ற, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான காப்பகத்தில் அந்த ஆய்வு நடந்தது. சாப்பாட்டோடு சேர்த்து உண்ட சர்க்கரையால் சொத்தை அதிகம் கூடவில்லை, இடையிடையே கொடுத்த ஒட்டும் மிட்டாயால் கடுமையாகக் கூடியது. சம்மதம் சொல்ல முடியாத நோயாளிகளின் பல்லைக் கெடுத்துக் கண்டறிந்த உண்மை அது, இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். அந்த மனிதர்கள் கொடுத்த விலைக்குப் பிறகும் “இனிப்பு கெடுதல்” என்ற வரியோடு நாம் நின்றுவிடுவது எனக்குப் பெரிய அநீதியாகத் தெரிகிறது.

சொல்லும் விதமும் முக்கியம். கனடாவில் குடியேறிய பஞ்சாபி மொழி பேசும் தாய்மார்களிடம் செய்த ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. ஒரு பிரிவுக்குத் துண்டறிக்கையும் வீடியோவும் மட்டும். இன்னொரு பிரிவுக்கு அவற்றோடு உட்கார்ந்து பேசும் ஆலோசனையும் கிடைத்தது. உங்கள் வீட்டில் எது முடியும், எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டுப் பேசி, பிறகு தொலைபேசியில் விசாரித்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டாவது பிரிவின் குழந்தைகளுக்குப் புதுச் சொத்தை குறைவு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை, உலகில் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பல் சொத்தை இருப்பதாக மதிப்பிடுகிறது. இத்தனை கோடி அம்மாக்களும் கவனக்குறைவானவர்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

---

அப்பா_ஒருவன்

ஒன்று கேட்க வேண்டும். இந்த இழை முழுக்க “அம்மாக்கள், அம்மாக்கள்” என்றே வருகிறது. இரவுப் புட்டியைக் கலக்கிக் கொடுப்பது நான். மாலையில் பிஸ்கட் வாங்கி வருவது என் அப்பா. பகலில் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு அக்கா. என் மனைவிக்கு மட்டும் எல்லாம் தெரிந்து என்ன பயன்? அவள் “வேண்டாம்” என்றால் வீட்டில் அவள்தான் கெட்டவள் ஆகிறாள். தடுப்பூசிக்கு நானும்தான் வருகிறேன், செவிலி என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை.

---

பால்நிலா

அப்பா_ஒருவன் எழுதியதை என் வீட்டில் எல்லோருக்கும் படித்துக்காட்டினேன். என்ன, எத்தனை முறை வாயில் போகிறது என்பதை வீட்டில் யாருமே சேர்த்து எண்ணுவதில்லை. ஆளுக்கு ஒருமுறைதான் கொடுக்கிறோம் என்று எல்லோரும் நினைக்கிறோம்.

---

இரண்டாம்மாடி

இன்னொன்று. பெரியவர்கள் வாயிலிருந்து கிருமி குழந்தைக்குப் போகும் என்கிறார்களே? முத்தம் கொடுக்கக் கூடாதா?

---

குழந்தைப்பல்_டாக்டர்

போகும். உமிழ்நீர் வழியாகத்தான், பெரும்பாலும் தாயிடமிருந்தோ நெருங்கிப் பழகுகிறவர்களிடமிருந்தோ. நாம் ஊதிச் சுவைத்த கரண்டியாலேயே ஊட்டுவது, கீழே விழுந்த சூப்பானை நம் வாயில் வைத்துத் துடைத்துக் கொடுப்பது, இவற்றைத் தவிர்க்கலாம். முத்தத்தை நிறுத்தச் சொல்லி நான் யாரிடமும் சொல்வதில்லை. அதைவிடப் பெரிய பலன், பெரியவர்கள் தங்கள் சொத்தைக்கு மருத்துவம் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. கருவுற்றிருக்கும்போதே பல்லைக் காட்டலாம், அது பாதுகாப்பானதுதான். குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் பல் போவது இயல்பு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பல்லிலிருந்து அப்படிக் கால்சியம் போவதில்லை.

---

குருவிக்கூடு

இன்று மகனுக்குச் சிகிச்சை பற்றிப் பேசினோம். இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, ஏதோ வெள்ளி கலந்த திரவம், தடவினால் சொத்தை நிற்கும், ஆனால் கறுப்பாகிவிடும். இன்னொன்று மயக்கம் கொடுத்து எல்லாப் பல்லையும் ஒரே நேரத்தில் சரிசெய்வது. சின்னப் பிள்ளைக்கு மயக்கமா என்று தூக்கம் வரவில்லை.

---

குழந்தைப்பல்_டாக்டர்

முதலாவது சில்வர் டயமைன் ஃப்ளோரைடு. கிருமியைக் கொன்று, மெத்தென்றிருக்கும் சொத்தையை இறுகவைக்கும். கெட்ட பகுதி நிரந்தரமாகக் கறுக்கும், நல்ல எனாமல் கறுக்காது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நரம்பை எட்டாத, வலியில்லாத சொத்தைக்கு இது நல்ல வழி. பையன் கொஞ்சம் வளர்ந்து ஒத்துழைக்கும்வரை காலத்தை வாங்கித் தரும், மயக்கமே தேவைப்படாமலும் போகலாம். முன்பல் கறுப்பாகத் தெரியும் என்பதை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழி உங்கள்மேல் வரும். சீழோ வீக்கமோ இருந்தால் இது போதாது, அப்போது வேறு சிகிச்சைதான். எந்தப் பல் எந்த நிலையில் இருக்கிறது என்று பல் பல்லாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

---

தாய்சேய்_செவிலி

எல்லோருக்கும் நன்றி. அப்பா_ஒருவன் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். குழந்தையோடு யார் வந்தாலும் அவரிடமே பேசுவேன், தாத்தாவானாலும் சரி.

என் பேச்சையும் மாற்றப்போகிறேன். “சொத்தை எதனால் வருகிறது?” என்ற கேள்வியை எடுத்துவிடுகிறேன். “நேற்று இரவு கடைசியாக வாயில் போனது என்ன?” என்று கேட்பேன். ஆறாம் மாதம் இணை உணவைப் பற்றிப் பேசும்போதே பிரஷையும் அரிசி மணி அளவுப் பசையையும் கையில் எடுத்துக் காட்டுவேன். ஒன்பதாம் மாதம் உதட்டைத் தூக்கிப் பார்க்க அவர்கள் கையாலேயே பழக்குவேன். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை ஊசி அட்டையிலேயே எழுதிக்கொடுப்பேன்.

டாக்டர், ஆறு வயதுக்காரர்களின் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியது ஏதாவது விட்டுப்போனதா?

---

குழந்தைப்பல்_டாக்டர்

ஒன்று இருக்கிறது. ஆறு வயது வாக்கில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் பெரிய கடைவாய்ப் பல் ஒன்று நான்கு பக்கமும் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். முளைத்துக்கொண்டிருக்கும்போது மற்றப் பற்களைவிடத் தாழ்வாக இருக்கும், பிரஷ் எட்டாது. பக்கவாட்டிலிருந்து பிரஷை நுழைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழிகள் ஆழமாக இருந்தால் அவற்றை மூடும் சீலன்ட் என்ற பூச்சைப் பூசலாம்.

---

ஓய்வுபெற்றவன்

பேரனுக்கு ஆறரை வயது. நீங்கள் சொன்ன பல் கீழே இரண்டு பக்கமும் பாதி முளைத்திருக்கிறது, டாக்டர். மேலே இன்னும் வரவில்லை. சனிக்கிழமை அவனைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போக நானே போகிறேன்.